வெறுங்கையால் தொடாதவள்

எங்கள் ஊர்ப் பாடகன் டெரிக்கைப் பற்றிய புத்தகத்தின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அந்த மனிதர் எழுதியிருப்பது இதுதான்: "தன் தம்பியை வெறுங்கையால் ஒருமுறைகூடத் தொடாத அக்காள்." அவர் பெயர் ஃபெலிக்ஸ் ஹார்கோர்ட். லண்டனிலிருந்து வந்து, அந்த அக்காள் எட்னா கிரம்மிட்டின் சமையலறையில் இரண்டு மத்தியானம் உட்கார்ந்து, அவள் வெண்ணெய் தடவிக் கொடுத்த பிளம் ரொட்டியில் ஐந்து துண்டு தின்றுவிட்டுப் போய் இதை எழுதினார்.

அந்தத் தம்பி டெரிக்கின் படுக்கைக்கு வாரத்தில் மூன்று நாள் போன நர்ஸ் நான். 1971 நவம்பரில் அவனுக்கு மூளையில் ரத்தக் குழாய் வெடித்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. வயது இருபத்தேழு. பதினோரு மாதம் படுக்கையில் கிடந்து அடுத்த அக்டோபரில் இறந்தான். ஆறடி ஆள், தானாகப் புரண்டு படுக்க முடியாது. அந்த உடம்பில் பதினோரு மாதத்தில் ஒரு படுக்கைப் புண் வரவில்லை. இதற்கு என்ன அர்த்தம் என்று எந்த நர்ஸைக் கேட்டாலும் சொல்வாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ராப்பகலாக, யாரோ ஒருத்தி அவனைப் புரட்டிப் போட்டிருக்கிறாள். துடைத்து, இடுப்பையும் குதிகாலையும் தேய்த்து விட்டிருக்கிறாள். கையால்தான். வேறு எதால் செய்வது?

ஹார்கோர்ட் என்னைக் கேட்கவில்லை. ஊரில் யாரையுமே அதிகம் கேட்கவில்லை. டெரிக்கின் பாட்டைக் கேட்டாராம், அதுவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாம்.

டெரிக் எங்கள் ஆல்டர் டிரோவ் ஊர்ப் பையன். பட்டாணியை டப்பாவில் அடைக்கும் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், இருபத்தொரு வயதில் கிடாரைத் தூக்கிக்கொண்டு லண்டன் போனான். நாலு பேர் சேர்ந்து ஒரு ராக் குழு. இரண்டு ரெக்கார்டு போட்டார்கள். 1967-இல் வந்த முதல் ரெக்கார்டில் "கண்ணாடி வீட்டுக்காரி" என்று ஒரு பாட்டு. ஐம்பது வருடம் கழித்தும் அதைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். அது எல்.எஸ்.டி. காலம். பூப்போட்ட சட்டையும் நீண்ட முடியுமாக யார் எதைப் பாடினாலும் போதையில் பாடினார்கள் என்று சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பாட்டில் இப்படி வரும்:

*உயரத்தில் ஒரு கண்ணாடி வீடு, உள்ளே ஒருத்தி;*
*சிவப்பு, மஞ்சள், கறுப்பு, நீலம், நிற்கும் வரிசை.*
*வெறுங்கையால் எதையும் தொடமாட்டாள்;*
*அவள் இழுத்தால் அரை மைலில் ஒரு கை விழும்.*

நிறங்கள் என்றால் போதைக் காட்சி என்றார் ஹார்கோர்ட். அரை மைல் தூரத்தில் கை விழுவது, தன் உடம்பு தன்னுடையதில்லை என்று தோன்றும் பிரமை. கண்ணாடி வீடு, அக்காள் அவனைப் பூட்டி வைத்த அறை. தொடாதவள் யார் என்பதைத்தான் முதலிலேயே சொன்னேன்.

பாட்டின் அமைப்பைப் பற்றி மட்டும் பதினாலு பக்கம் எழுதியிருக்கிறார். பாட்டு ஒரு சின்ன மணியில் ஐந்து, ஐந்து, ஐந்து என்று பதினைந்து தட்டலில் தொடங்கும். மற்ற பாட்டுகள் போல நாலு நாலாக நடக்காது. மூன்று தட்டல், ஓர் இடைவெளி, தனியாக ஒன்று என்று போகும். நடுவில் திடீரென்று மணி வேகமாக ஆறு தட்டும். அதோடு கிடார், டிரம், குரல் எல்லாம் சட்டென்று நின்றுவிடும். எட்டு எண்ணும் நேரம் ஒரு சத்தமும் இருக்காது. அப்புறம் ஒவ்வொன்றாக, தயங்கித் தயங்கிச் சேரும். கடைசியில் ஏழு, ஐந்து, ஐந்து. அவ்வளவுதான். போதையால் காலக் கணக்கு உடைந்துபோன மூளையின் வேலை இது என்று ஹார்கோர்ட் தீர்மானித்துவிட்டார். நடுவில் வரும் மௌனம், நினைவு தப்பிய கணமாம்.

புத்தகம் வந்தபோது எட்னாவுக்கு எண்பத்து நாலு வயது. முன்பின் தெரியாத ஆட்கள் காரில் வந்து அவள் வீட்டைப் படம் எடுத்தார்கள். ஒருத்தி வாசலில் நின்று, "நீ ஒரு பிசாசு" என்று கத்திவிட்டுப் போனாள். கேட்டில் யாரோ வெள்ளைப் பெயின்ட்டை ஊற்றினார்கள். அவர்கள் வெளியூர்க்காரர்கள், தொலையட்டும். ஊர்க்காரர்கள் செய்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கடையில் அவள் வந்தால் பேச்சு நின்றது. ஊராட்சித் தலைவி மிஸஸ் பாக்லிங்டன், தேவாலயத்துக்குப் பூ வைக்கும் முறைப் பட்டியலிலிருந்து எட்னாவின் பெயரை எடுத்துவிட்டு, "கொஞ்ச நாள் ஓய்வா இருங்களேன்" என்றாள். முப்பது வருடமாக அந்தப் பூவை வைத்தவள் எட்னா. டெரிக்கின் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்த அதே ஜனங்கள், லண்டன்காரர் ஒருவர் அச்சில் போட்டதும் தங்கள் கண்ணால் பார்த்ததை மறந்துவிட்டார்கள்.

எட்னாவுக்குக் காலில் ஆறாத புண். நான் ஓய்வு பெற்றபின்னும் அவளுக்கு மட்டும் கட்டுப் போடப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் கட்டை அவிழ்க்கும்போது நேரடியாகக் கேட்டேன்.

"அந்த ஆள்கிட்ட என்னதான் சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"ரெண்டு மத்தியானமும் ஒண்ணும் சொல்லாமயா?"

"இன்னும் ரொட்டி வேணுமான்னு கேட்டேன்."

"எட்னா!"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "கண்ணாடி வீடு எதுன்னு கேட்டார். தெரியாதுன்னேன். நீங்க வேலை பார்த்த ரயில்வே சிக்னல் கேபினான்னு கேட்டார். டெரிக் அங்க ஒரு நாளும் வந்ததில்லைன்னேன்."

"வந்ததே இல்லையா?"

"ஏழு வருஷம் அங்கதான் வளந்தான்."

நான் கையில் இருந்த துணியைத் தட்டில் போட்டேன். "அப்புறம் எதுக்கு இல்லைன்னீங்க?"

"வெளியாள் கேபினுக்குள்ள வரக்கூடாது, சிஸ்டர். விதிப் புத்தகத்துல இருக்கு. தெரிஞ்சா வேலை போயிடும்."

"நீங்க வேலையை விட்டு இருபத்து நாலு வருஷம் ஆச்சு! அந்த லைனையே எடுத்துட்டாங்க. கேபின் இருந்த எடத்துல முட்டைக்கோசு வெளையுது!"

"முட்டைக்கோசு வெளைஞ்சா விதி இல்லைன்னு ஆயிடுமா?" என்றாள் எட்னா. "கட்டை இறுக்கிப் போடு. போன வாரம் வழிஞ்சு போச்சு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஹார்கோர்ட் மேல் இருந்ததில் பாதியை அவள் மேல் திருப்பினேன். திட்டிக்கொண்டே கட்டுப் போட்டேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, அறுபத்தைந்து வருடம் யாரிடமும் சொல்லாததை, துண்டுதுண்டாக, பல செவ்வாய்க்கிழமைகளில் சொன்னாள்.

அம்மா செத்தபோது எட்னாவுக்குப் பதினாறு, டெரிக்குக்கு மூன்று. அப்பா தண்டவாளம் பழுது பார்க்கும் கூட்டத்தில் ஊர் ஊராகப் போகிறவர். எட்னா முதலில் ரயில்வே கேட் திறந்து மூடும் வேலைக்குப் போய், பத்தொன்பதாவது வயதில் கேபின் வேலையில் சேர்ந்தாள். பிற்பகல் இரண்டிலிருந்து ஒன்பது வரை அவள் முறை. ஆறு வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் விட்டபின் யாரிடம் விடுவது? பக்கத்து வீட்டுக்காரி ஒரு வாரம் பார்த்துக்கொண்டாள். எட்டாம் நாள் அவன் காலில் பிரம்படி. மறுநாள் எட்னா அவனைக் கேபினுக்குக் கூட்டிப் போய்விட்டாள்.

பதினெட்டுப் படி ஏறினால் நாலு பக்கமும் கண்ணாடி. கீழே ஒரே சமதரை வயல்கள், எவ்வளவு தூரமானாலும் தெரியும். உள்ளே லீவர்கள் வரிசையாக நிற்கும். ரயிலை நிறுத்தும் கைகாட்டிகளுக்குச் சிவப்பு, முன்னாலேயே எச்சரிக்கும் கைகாட்டிக்கு மஞ்சள், தடம் மாற்றக் கறுப்பு, மாற்றிய தடத்தைப் பூட்ட நீலம். லீவரை இழுத்தால் கம்பி ஓடி, அரை மைல் தள்ளி நிற்கும் கைகாட்டியின் கை இறங்கும், ரயில் போகலாம்; திருப்பித் தள்ளினால் கை ஏறும், ரயில் நிற்க வேண்டும். லீவரின் பிடி பளபளப்பான எஃகு. வெறுங்கை பட்டால் வியர்வையில் துரு ஏறும். அதனால் துணி போட்டுத்தான் பிடிக்க வேண்டும். துணியில்லாமல் பிடித்தவனைக் கேபின்காரர்கள் தங்கள் ஆளாகவே மதிக்க மாட்டார்கள்.

அடுத்த கேபின் இரண்டு மைல் தள்ளி மில் லேனில். அங்கே பெர்சி லெகேட். இரண்டு கேபினும் மணியால்தான் பேசிக்கொள்ளும். கேபினைத் திறக்கும்போது ஐந்து, ஐந்து, ஐந்து. ஊர் ஊராக நின்று போகும் பயணி ரயில் வருகிறது என்றால் மூன்று, பிறகு ஒன்று. தடத்தில் ஆபத்து என்றால் விடாமல் ஆறு. கேட்ட நொடியில் எல்லா ரயிலையும் நிறுத்த வேண்டும். இரவு கேபினை மூடும்போது ஏழு, ஐந்து, ஐந்து.

டெரிக் அந்த மணிக்குக் கீழே ஒரு மரப்பெட்டி மேல் படுத்துக் கணக்குப் போட்டான், ரொட்டி தின்றான், தூங்கினான். ஏழு ஐந்து ஐந்து கேட்டால் தூக்கத்திலேயே எழுந்து காலணியைத் தேடுவானாம். மேற்பார்வையாளர் வரும் நாளில் கீழே விளக்கு அறையில் மண்ணெண்ணெய் டின்களுக்கு நடுவில் ஒளிந்துகொள்வான். எட்டு வயதிலிருந்து சில நாள் அவனே மணி அடித்தான். அது இன்னும் பெரிய குற்றம். அதைச் சொல்லும்போது எட்னா குரலைத் தாழ்த்திக்கொண்டாள், சமையலறையில் எங்கள் இரண்டு பேரையும் பூனையையும் தவிர யாரும் இல்லாதபோதும்.

அந்தப் பாட்டை என் ஃபோனில் போட்டுக் காட்டினேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டாள்.

"ரெக்கார்டு வந்தப்பவே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாம? முதல் அஞ்சுலயே எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். ஒரே ஒரு ரயில்காரன் இதைக் கேட்டா என் வேலை போச்சு! 'ஏண்டா மடையா, ஊருக்கே மைக் வச்சுச் சொல்லிட்டியே'ன்னு அவனுக்குக் கடுதாசி எழுதினேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"'பயப்படாத. எங்க பாட்டை எந்த ரயில்காரனும் கேக்க மாட்டான்'னு எழுதினான்."

அவன் சொன்னது சரிதான். எட்னாவைத் தவிரக் கேபினில் இருந்தவர்கள் அந்தப் பாட்டைக் கேட்டதில்லை, பாட்டைக் கேட்டவர்கள் கேபினில் இருந்ததில்லை. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் ஐம்பது வருடம் ஒரு பெரிய கற்பனை வளர்ந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டெரிக் போதையே தொடாதவன் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். தொட்டான். அவன் ரத்தக் குழாய்க்கு அது நல்லது செய்திருக்காது. ஆனால் இந்தப் பாட்டின் வரிகள் எட்னாவின் அலமாரியில் ஒரு பள்ளிக்கூட நோட்டில் இருக்கின்றன. தேதி 1964 ஜூன். அப்போது அவன் பட்டாணி ஆலைக்குச் சைக்கிளில் போய்வந்துகொண்டிருந்தான். போதை என்று பார்த்தால் சனிக்கிழமை ஒரு கோப்பை பியர்.

"இதை வெளியில சொல்லுங்க" என்றேன்.

"முடியாது. நாப்பத்தோரு வருஷ வேலை. ஒரு கறுப்புப் புள்ளி கெடையாது என் பேருல."

"அதுக்காக ராட்சசின்னு பேர் எடுக்கணுமா?"

"ராட்சசியா இருக்கறது விதிமீறல் இல்ல."

தம்பியைத் தன்னுடன் வைத்துக்கொள்ள விதியை மீறினாள். அந்த மீறலை மறைக்கத் தம்பியைக் கொடுமைப்படுத்தியவள் என்ற பெயரைத் தாங்கிக்கொண்டாள். வேலையில் எடுத்த ஒரே நீண்ட விடுப்பு அவனைப் படுக்கையில் பார்த்துக்கொண்ட அந்தப் பதினோரு மாதம். அதற்கும் உரிய தாளில் எழுதிக் கொடுத்து, சம்பளமில்லாமல்தான் எடுத்தாள்.

அடுத்த வசந்தத்தில் ஊராட்சி ஒரு முடிவு செய்தது: பழைய ரயில் நிலையமும் கேபினும் இருந்த முட்டைக்கோசு வயலின் ஓரத்தில் டெரிக்குக்கு ஓர் இரும்புப் பலகை. வாசகத்தை ஹார்கோர்ட்டே எழுதிக் கொடுத்தார். "துயரமான பிள்ளைப்பருவத்தில் இங்கே வளர்ந்து, மனப்பிறழ்விலிருந்து மகத்தான இசையைப் படைத்தவர்." ஒரு சனிக்கிழமை பிற்பகல் ஊர் மண்டபத்தில் அவர் பேசுவார், பாட்டைப் போடுவார், வாசகத்துக்கு ஊர் கைதூக்கிச் சம்மதிக்கும். தேநீர் உண்டு.

நான் எட்னாவிடம் சொன்னபோது, போகமாட்டாள் என்றுதான் நினைத்தேன். அவள் வாசகத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னாள்.

"துயரமான பிள்ளைப்பருவமா? எட்டு வயசுல நாலு மணி எக்ஸ்பிரஸுக்கு மணி அடிச்ச பையன் இந்த ஜில்லாவுல வேற எவன் இருந்தான்?" என்றாள். "என்னைப் பத்தி என்னத்தையோ எழுதட்டும். இது அவனைப் பத்தி. இரும்புல வேற எழுதறாங்க. என் கோட்டை எடு."

மண்டபத்தில் அறுபது பேர். எட்னா கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் இரண்டு நாற்காலி காலியாகவே இருந்தது. முன்வரிசை ஓரத்தில் பெர்சி லெகேட், தொண்ணூற்றொரு வயது. கேக் கிடைக்கும் என்று மகள் கூட்டிவந்திருந்தாள். ஹார்கோர்ட் பேசத் தொடங்கியதுமே தூங்கிவிட்டார். அவர் புத்தகமும் படித்ததில்லை, பாட்டும் கேட்டதில்லை.

ஹார்கோர்ட் நன்றாகப் பேசக்கூடியவர். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. "இப்ப நீங்க கேக்கப்போறது ஒரு மனசு உடையற சத்தம்" என்று சொல்லி, பாட்டைப் போட்டார். ஐந்து, ஐந்து, ஐந்து. பெர்சியின் தலை தூக்கத்திலேயே கொஞ்சம் நிமிர்ந்தது. வரிகள் போயின. மூன்று, ஒன்று. மூன்று, ஒன்று.

பிறகு அந்த ஆறு.

பெர்சி எழுந்து நின்றார். ஊன்றுகோல் இல்லாமல், யாரும் பிடிக்காமல், ஒரே வீச்சில். இடது கை கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை உருவியது. முன்னால் இருந்த பேச்சாளர் மேஜையின் விளிம்பை அந்தத் துணியோடு பிடித்து இரண்டு கையாலும் தள்ளினார். ஹார்கோர்ட்டின் தண்ணீர்க் குவளை கவிழ்ந்தது. அதே கணத்தில் என் பக்கத்தில் நாற்காலி கிரீச்சிட்டது. எட்னாவும் நின்றுகொண்டிருந்தாள், கைக்குட்டை போட்டு முன் நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்திருந்தாள். பாட்டில் அப்போது அந்த மௌனம். மண்டபத்திலும் அதே மௌனம்.

"எந்தப் பக்கம்?" என்றார் பெர்சி. "எந்தப் பக்கம் தடங்கல்?"

யாரோ சிரித்தார்கள். நான் ஓடிப்போய் அவர் நாடியைப் பிடித்தேன். எழுபத்தெட்டு, சீராகத்தான் இருந்தது.

"பெரியவருக்கு உடம்பு சரியில்லையா?" என்றார் ஹார்கோர்ட், ஈரக் காகிதங்களை உதறிக்கொண்டு.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல" என்றார் பெர்சி. அவர் இப்போது நன்றாக விழித்திருந்தார். "ஆறு அடிச்சா எல்லாத்தையும் நிறுத்தணும். விளையாட்டுக்கு அடிக்கிற மணியா அது? யார் அடிச்சது?"

ஹார்கோர்ட் அவர் கைக்குட்டையைப் பார்த்தார். பிறகு கடைசி வரிசையில் எட்னாவின் கைக்குட்டையைப் பார்த்தார். முட்டாள் இல்லை அவர், முகம் மாறியது. "அந்தத் துணி எதுக்கு?"

"லீவரை வெறுங்கையால தொடுவாங்களா யாராவது? துரு ஏறிடும். உங்க ஊருல எப்படியோ!"

பெர்சியின் மகள் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, உக்காருங்க."

"சும்மா இரு. அதை மறுபடி போடச் சொல்லு. முதல்லேர்ந்து."

போட்டார்கள். பெர்சி நின்றபடியே கேட்டார். ஐந்துகளுக்கு விரலால் கைத்தடியில் தாளம் தட்டினார். மூன்று ஒன்றுக்கு, "நின்னு போற வண்டி" என்றார். கடைசியில் ஏழு ஐந்து ஐந்து வந்தபோது, "கேபினை மூடிட்டாங்க" என்று எங்களுக்கு அறிவித்தார். அதற்குப் பிறகுதான் தலையைச் சாய்த்து, "ஆனா இது எட்னா கை இல்லையே. எட்னா நடுவுல ஒரு மூச்சு விடுவா. இது பொடிய..." என்று தொடங்கி, சட்டென்று வாயை மூடிக்கொண்டார். திரும்பி எட்னாவைப் பார்த்தார். "நான் ஒண்ணும் சொல்லல. எனக்கு வயசாயிடுச்சு" என்று உட்கார்ந்துவிட்டார்.

அறுபது தலைகள் திரும்பின. எட்னா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். அவள் உட்கார்ந்துவிடுவாள் என்றே நினைத்தேன்.

"பெர்சி, உனக்குத் தெரியுமா?" என்றாள்.

"கொஞ்சம் அவசரமான கை" என்றார் பெர்சி, திரும்பாமலே. "ஏழு வருஷம் கேட்டிருக்கேன். மணி அடிக்கிற கையைத் தெரியாதாம்மா?"

"ஏன் மேலதிகாரிகிட்ட சொல்லல?"

"தப்பா அடிச்சிருந்தா சொல்லியிருப்பேன்."

எட்னா கைக்குட்டையை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தாள். பிறகு, நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதுபோல, மண்டபம் முழுவதற்கும் சொன்னாள்: "1950 செப்டம்பர்லேர்ந்து 1957 வரைக்கும் என் தம்பி டெரிக்கை ஆல்டர் டிரோவ் கேபின்ல வச்சிருந்தேன். அது விதிமீறல். எட்டு வயசுலேர்ந்து என் முன்னால அவன் மணி அடிச்சான். அதுவும் விதிமீறல். அந்தப் பாட்டுல இருக்கறது கேபின். அதுல வேற ஒண்ணுமே இல்ல."

"நீங்க என்கிட்ட அவர் அங்க வந்ததே இல்லைன்னு சொன்னீங்க" என்றார் ஹார்கோர்ட்.

"பொய் சொன்னேன். ஒரே ஒரு பொய். மிச்சம் எல்லாம் உங்க சொந்தச் சமையல்."

இப்போது சிரித்தவர்கள் அதிகம். ஹார்கோர்ட் சிவந்துபோனார். "எப்படி இருந்தாலும், எல்.எஸ்.டி.யோட பங்கை மறுக்க முடியாதில்லையா?"

"அவன் அதைத் தின்னான். யார் இல்லைன்னது? தின்னதுக்கப்புறம் செஞ்சது ரெண்டாவது ரெக்கார்டுல இருக்கு. போட்டுக் கேளுங்க. எதையும் எண்ண முடியாது."

அந்தப் பதினாலு பக்கத்தை எழுதும் முன் அவர் ஒரு பழைய ரயில்காரரிடம் மூன்று நிமிடம் பேசியிருந்தால் போதும். அவர் தங்கியிருந்த விடுதியிலிருந்து நூறு கஜத்தில் பெர்சி வீடு. எட்னா பொய் சொன்னாள், சரி. ஒரு கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால், அந்த இடத்தில் ஒரு பூட்டிய அறையையும் ஒரு கொடுமைக்காரியையும் கட்டி வைக்க யார் சொன்னது? போதை என்றால் எழுதச் சுவையாக இருக்கிறது. ஆறு வயதுப் பையன் ஏழு வருடம் உட்கார்ந்து எண்ணிக் கற்றுக்கொண்டான் என்றால் யார் வாங்குவார்கள்?

வாசகத்துக்கு அன்று யாரும் கை தூக்கவில்லை. இப்போது பலகையில் இருப்பது எட்னா சொன்னது: "ஆல்டர் டிரோவ் சிக்னல் கேபின் இங்கே இருந்தது. டெரிக் கிரம்மிட் எண்ணக் கற்றுக்கொண்டது இங்கேதான்." தன் பெயரைப் போடக்கூடாது என்றுவிட்டாள். ஹார்கோர்ட்டின் புத்தகம் மறுபதிப்பு வந்தது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து வாக்கியம் போய்விட்டது. கேபின் பற்றி அடிக்குறிப்பு ஒன்று, "அக்காள் கூறுவதன்படி" என்று தொடங்குகிறது. அறுபது பேர் பார்க்கப் பெர்சி மேஜையைத் தள்ளியது அக்காள் கூறியதா? பதினாலு பக்கத்தில் நாலு பக்கம்தான் குறைந்தது.

மிஸஸ் பாக்லிங்டன் பூப் பட்டியலோடு வந்தாள். நான் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். "ஜூன் மாசம் முழுக்க உங்க பேரைப் போட்டிருக்கேன், எட்னா."

"ஒண்ணரை வருஷமா ஓய்வெடுத்ததுல பழகிப்போச்சு" என்றாள் எட்னா. "ஜூன்ல நீயே வை. ஜூலையில நான் வந்து, நீ வச்சது எப்படி இருந்துச்சுன்னு சொல்றேன்."

அவள் போனபின் எட்னா என்னைத் தாளும் பேனாவும் எடுக்கச் சொன்னாள். ரயில்வேக்குக் கடிதம். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பெயர், பணி எண், கேபின், வருடங்கள், மீறிய விதிகள் இரண்டு. காரணம் என்று எதையும் எழுத விடவில்லை. "நடந்ததைத் தாமதமாகத் தெரிவிப்பதற்கு வருந்துகிறேன்" என்று முடித்து, அவளே கையெழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகு ஐந்து வாரம் தபால்காரரை ஜன்னலிலேயே எதிர்பார்த்திருந்தாள். ஓய்வூதியத்தை நிறுத்திவிடுவார்களா என்று ஒருமுறை கேட்டாள். நிறுத்தினாலும் நியாயம்தான் என்றும் சொன்னாள்.

பதில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. கண்ணாடியைத் தேடிப் போட்டு நான்தான் படித்தேன். எழுதியிருந்த பெண் தன் முதல் பெயரை மட்டும் போட்டிருந்தாள். எட்னாவின் இனிமையான நினைவுகளைப் பகிர்ந்துகொண்டதற்கு மிக்க நன்றி; அலுவலகத்தில் எல்லாரும் படித்து மகிழ்ந்தார்கள்; இந்த நாள் இனிய நாளாக அமையட்டும்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"பின்பக்கம் பாரு."

பின்பக்கம் ஒன்றும் இல்லை. எட்னா தாளை வாங்கி, தானே இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. புத்தகம் வந்தபோதுகூட அவளை அப்படிப் பார்த்ததில்லை.

"எட்டு வயசுப் பொடியன் எக்ஸ்பிரஸுக்கு மணி அடிச்சிருக்கான். நானே எழுதிக் கொடுத்திருக்கேன். ஒரு எச்சரிக்கை இல்ல, ஒரு விசாரணை இல்ல. மகிழ்ந்தாங்களாமே!" அவள் மேஜையைக் கையால் அடித்தாள். "இவங்கதான் இப்ப ரயில் ஓட்டறாங்களா? எடு பேனாவை, சிஸ்டர். இந்தப் பொண்ணோட மேலதிகாரி யாருன்னு கேட்டு எழுது."